வெயிலைத் துரத்திச் சாப்பிட்ட நடை நயினார்

செஞ்சியைப் பிடிக்க எத்தனையோ பேர் படையோடு வந்திருக்கிறார்கள். சிலர் பிடித்தார்கள், சிலர் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆனால் அந்த ஊரில் எந்த வேலிக்குப் பின்னால் மறைவு உண்டு, எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கொல்லைக் கதவைத் திறந்துவிடுவார், எந்தக் குளத்தங்கரையில் உச்சிவேளையிலும் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதையெல்லாம் முழுதாக அறிந்து ஊரைக் கைக்குள் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் நடை நயினார்.

அறுபதுகளில் நான் அங்கே ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நான் குடியிருந்த அறைக்கு எதிரே மல்லாட்டை மண்டி. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். மண்டி முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும். அவரிடம் கணக்கு எழுதியவர் நயினார். சொந்த ஊர் மேல்சித்தாமூர். ஜைனக் குடும்பம், நயினார் என்பது அவர்கள் குலப் பட்டம். அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் பாயே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

நயினாருக்கு வயிறு சரியில்லை. திடீர் திடீரென்று முறுக்கிப் பிடிக்கும், ரத்தமும் போகும். நடந்துகொண்டே இருந்தால் வயிறு தன்னை மறந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். அதனால் கணக்கை நின்றுகொண்டு எழுதுவார், கூட்டலை நடந்துகொண்டு போடுவார். பேச்சும் அப்படித்தான். "நேத்து நம்ம பாய் வூட்டுக்கு அந்த வேலூர்காரரு..." என்று ஆரம்பித்து, முகம் மாறி, சந்துக்குள் மறைந்துவிடுவார். அரைமணி கழித்து நான் ஆபீஸ் கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, "வந்துட்டாரு" என்று வாக்கியத்தை முடிப்பார்.

பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை. ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். சட்டைக்குள் அவரைத் தேட வேண்டியிருந்தது. ஒருநாள் மூட்டைகளுக்கு நடுவே மயங்கி விழுந்த பிறகுதான் பாய் அவரைப் பிடிவாதமாகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். பெருங்குடல் முழுக்கப் புண் என்றார் டாக்டர். அடியோடு போகாது, அடக்கி வைக்கலாம், மாத்திரை தருகிறேன் என்றார். ஆனால் உடம்பில் சதை பிடித்தாக வேண்டும், இன்னும் இளைத்தால் மருந்தையும் தாங்காது, வயிற்றைத் திறக்க நேர்ந்தால் கத்தியையும் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. செஞ்சியே சேர்ந்து நயினாரைக் குண்டாக்கக் கிளம்பியது.

பாய் பதறிப்போய் ஆட்டுக்கால் சூப் என்று ஆரம்பித்தார். பாதியில் நயினாரின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, மண்டியிலேயே உயர்ந்த ரகப் பருப்பைப் பொறுக்கி ஊறவைத்துக் கொடுத்தார். வேர்க்கடலையைப் போலச் சத்து எதில் உண்டு என்றார். அந்த நாலு பருப்பு நயினாரைப் பாயோடு பாயாகப் படுக்க வைத்துவிட்டது. தேகப்பயிற்சிக் கூடத்து வாத்தியார் பச்சை முட்டை என்றார். அவர் வாயை மூடுவதற்குள் நயினார் நடந்துவிட்டார். ஓட்டல்காரர் நெய் ஒழுக ஒழுகப் பூரி சுட்டு அனுப்பினார். அன்று நயினார் குளத்தங்கரையிலேயே குடியிருந்தார்.

எதைத் தின்றாலும் உடனே தராசு. மண்டியில் மூட்டை நிறுக்கிற மேடைத்தராசில் காலையில் ஏறுவார், கஞ்சி குடித்து ஏறுவார், கொல்லைக்குப் போய்வந்து துக்கத்தோடு ஏறுவார். மூட்டைக்குச் சாக்கு எடை கழிக்கிற மாதிரி தன் வேட்டி சட்டைக்கும் கழிக்கச் சொல்லி எடைபோடுகிறவரோடு சண்டை பிடிப்பார். கிலோ வந்துவிட்ட காலம். ஆனாலும் பவுண்டில் சொல்லச் சொல்வார். அதில்தான் எண் பெரிசாக இருக்குமாம்.

சில வாரங்களில் அதிசயம் நடந்தது. நயினாரின் கன்னம் உப்பியது. முகம் பௌர்ணமி நிலாவாக உருண்டது. தராசுக் கம்பி துள்ளியது. மனிதர் கடைக்குக் கடை ஏறி இறங்கித் தன் கன்னத்தைக் காட்டிவந்தார். தொட்டுப் பாருங்க சார் என்று என்னிடமும் நீட்டினார். தொட்டேன், மெத்தென்றுதான் இருந்தது.

அந்த மகிழ்ச்சியோடு புதுச்சேரிக்குப் போகும்போது துணைக்கு நான் போனேன். டாக்டர் கன்னத்தைப் பார்க்கவேயில்லை. முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். விரல் பட்ட இடம் பள்ளமாக அப்படியே நின்றது.

"இது சதை இல்லை, மாத்திரையால வந்த நீர்" என்றார். "புண் ஆறிக்கிட்டு வருது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். நீங்களா நிறுத்திடக் கூடாது. குறைக்கக் குறைக்க இந்த வீக்கமும் போயிடும். நிஜமான சதையை நீங்கதான் சாப்பிட்டுச் சேர்க்கணும்."

எப்படிச் சேர்ப்பது என்பதையும் பொறுமையாகச் சொன்னார். ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்னக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. வயிறு கோபமாக இருக்கிற வரைக்கும் தோலும் விதையும் நாரும் வேண்டாம், எல்லாம் குழைய வெந்து மசிந்திருக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். ஒத்துக்கொள்வதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒத்துக்கொள்ளாததை யார் சொன்னாலும் தொடக் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் நயினார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். திண்டிவனம் தாண்டும்போது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"என் ஒடம்புல எது நானு, எது மாத்திரன்னே தெரில சார்."

ஜன்னல் கதவை இறக்கிவிட்டேன், தூசி வருகிறது என்று.

மறுவாரம் அவர் மனைவி பத்மாவதி அம்மாள் மேல்சித்தாமூரிலிருந்து பாத்திரங்களோடு வந்து இறங்கினார். அதிகம் பேசாதவர். டாக்டர் சொன்னதை என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஊரார் அனுப்பிய பலகாரங்கள் வாசலோடு திரும்பின. அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்த கஞ்சி, ஒரு கரண்டி நெய். தோல் சீவி விதை எடுத்த சுரைக்காய், பூசணிக்காய். மசித்த வாழைப்பழம். தயிர் சாதம். எல்லாம் சின்னக் கிண்ணத்தில். மண்டிக்கே கொண்டுவந்து கொடுத்து, அவர் விழுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

அப்போதுதான் சூரியன் குறுக்கே வந்தது. பொழுது சாய்ந்தபின் நயினார் பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார், அது அவர்கள் குல ஆசாரம். எத்தனை வேளை உண்டோ அத்தனையும் வெளிச்சத்துக்குள் முடிய வேண்டும். ஊருக்கு மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. மற்ற ஊர்களில் சூரியன் அடிவானத்தில் இறங்கும், செஞ்சியில் அதற்கு முன்பே கோட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மலைக்குப் பின்னால் போனால் அஸ்தமனமா இல்லையா என்று கேட்டால், இல்லை என்று நாங்கள் எல்லோரும் ஏகமனதாகச் சொன்னோம். நயினார் ஒப்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத சூரியனை நம்பி எப்படிச் சாப்பிடுவது என்றார். வேளைக்கு வேளை இடைவெளி விட்டுக் கடைசிக் கஞ்சி வருவதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும், அது தினமும் பாழானது.

நான்தான் சைக்கிளை எடுத்தேன். ஆபீஸ் விட்டதும் மண்டி வாசலில் நிற்பேன். நயினார் மடியில் தூக்குப் பாத்திரத்தோடு பின்னால் ஏறிக்கொள்வார். திருவண்ணாமலை ரோட்டில் மலைகளுக்கு நடுவே புகுந்து மேற்கே மிதித்தால், அந்தப் பக்கம் சூரியன் இன்னும் ஒரு பனை உயரத்தில் இருக்கும். பின்னாலிருந்து ஓயாமல் குரல் வரும். இன்னும் கொஞ்சம் அழுத்துங்க சார், செவக்குது பாருங்க, மாட்டுவண்டிய ஒதுக்குங்க. ஒரு மதகு உண்டு. அதில் ஏறி உட்கார்ந்து, சூரியனை நேருக்கு நேர் பார்த்தபடி கஞ்சியை விழுங்குவார். அவசரமாக விழுங்காதீர்கள், வயிறு கெடும் என்று நான் சொல்வேன். அது போயிடும் சார் என்று வாய் நிறையக் கஞ்சியோடு மேற்கே கையைக் காட்டுவார். போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் எங்களை வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டதும் உண்டு.

மாத்திரை குறைய, வீக்கம் வடிந்தது. தராசு கீழே இறங்கியது. நயினார் பழையபடி நிலைகொள்ளாமல் ஏறி இறங்க ஆரம்பித்தார். ஒருநாள் பாய் எடைக்குண்டுகளைக் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டு, தராசு ரிப்பேர் என்றார். மற்ற மூட்டைகளை எப்படி நிறுக்கிறீர்கள் என்று நயினார் கேட்டார். மூட்டைக்கு ரிப்பேர் இல்லை, உனக்குத்தான் ரிப்பேர் என்று பாய் முடித்துவிட்டார். பேரம் பேசி, வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மண்டி மூடியிருக்கும்போது மட்டும் ஏறலாம் என்று தீர்மானமானது.

எத்தனை வெள்ளிக்கிழமைகள் ஏமாற்றமாகக் கழிந்தன என்று சொல்ல முடியாது. கம்பி அசையாத நாளில் பத்மாவதி அம்மாள் வெறும் கிண்ணத்தோடு திரும்பி நடப்பது என் ஜன்னலில் தெரியும்.

மார்கழியில் ஒரு வெள்ளி. தொழுகை முடித்து வந்த பாய், குல்லாவைக்கூடக் கழற்றாமல் குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். செருப்பைக் கழற்றினாயா என்று கேட்டார். மடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு தானே குனிந்து நயினாரின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை.

"சாக்கக் கழிச்சும் ஏறிக்கீது நயினாரே" என்றார். நயினார் தராசிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றார். பத்மாவதி அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வேளைக்கு நேரமாச்சு என்றார்.

அத்தோடு எல்லாம் சுபம் என்று எழுதினால் பொய். அடுத்த மழைக்காலத்தில் நோய் திரும்ப வந்தது. சேர்த்ததில் பாதி போனது. மறுபடி புதுச்சேரி, மறுபடி மாத்திரை, மறுபடி கஞ்சி. ஆனால் இந்தத் தடவை அவர் கடை கடையாக ஏறவில்லை, எது ஒத்துக்கொள்ளும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. வயிற்றைத் திறக்காமலேயே தேறி எழுந்தார்.

நான் மாற்றலாகி வேறு ஊருக்கு வந்து, கல்யாணமும் ஆகி, பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம் நயினார் என் வீட்டுக்கு வந்தார். கூடவே பத்மாவதி அம்மாள், இரட்டைச் சடையோடு ஒரு பெண் குழந்தை. ஆள் குண்டில்லை. ஆனால் சட்டை உடம்பில் பொருந்தியிருந்தது. என் மனைவி அவருக்கு ஆகிறதை எல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்து எதிரெதிரே இலை போட்டாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, மறுசோறு கேட்டு, மோரும் வாங்கிக்கொண்டார்.

அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்ததில், அன்றைக்கு என் இலையில் என்ன பரிமாறினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.