தராசுக்காரன் மகளின் எடை

அன்புள்ள அக்காவுக்கு,

தராசு பழுதுபார்க்கும் உன் தம்பி, ஒரு தட்டில் மரியாதையும் மறுதட்டில் கோபமும் வைத்து எழுதுவது. நானும் என் மனைவியும் நலம். மாமாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பாப்பா நலமா என்று மட்டும் கேட்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று எட்டு மாதப் பாப்பாவுக்கு எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மா மெஷினைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசமா எடை ஏறவே இல்லையே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் தொழில் புத்தி விடுமா? "மெஷின்ல கோளாறும்மா" என்று திருப்புளியை எடுத்து, அவர் தடுப்பதற்குள் திறந்தே விட்டேன். பின்னால் பதினோரு தாய்மார்கள், பதினோரு அழுகை. ஸ்பிரிங்கைத் துடைத்து மூடி, என் பையிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை வைத்தால் முள் கச்சிதமாக இரண்டில் நின்றது. இருபது வருஷத் தொழிலில், ஒரு தராசு சரியாக இருக்கிறதே என்று நான் கண்கலங்கியது அதுதான் முதல் தடவை.

"குழந்தைக்கு என்ன குடுக்கறீங்க?" என்றார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். காலையும் மாலையும் தாய்ப்பால். பகலில் என் மனைவி வேலைக்குப் போய்விடுவதால் பட்டறையும் பாப்பாவும் என் பொறுப்பு. பருப்பு வெந்த தண்ணீர், காய் வெந்த தண்ணீர், மூன்று வேளையும் நானே வடிகட்டுகிறேன், ஒரு திப்பிகூட உள்ளே போகாது.

"அப்ப பருப்பும் காயும் எங்க போகுது?"

வீணாக்கலாமா? நான்தான் மசித்து வெண்ணெய் போட்டுச் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் பெரியவர்கள் ஏறும் மெஷினைக் காட்டினார். ஏறினேன். இரண்டு மாதத்தில் நாலு கிலோ கூடியிருக்கிறது! பதினோரு தாய்மார்களும் என் தொப்பையைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பாப்பா, பக்கத்துக் குழந்தையின் வாழைப்பழத்தைப் பிடுங்கி இரண்டே பல்லால் ஒரு கை பார்த்தாள். "பசியோடவாடி இருந்தே இத்தனை நாளும்?" என்று என் மனைவி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை, அக்கா.

"ஆறு மாசத்துக்கு மேல தண்ணி பத்தாதுங்க. கெட்டியா மசிங்க, ஸ்பூனைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது. முட்டை, கொஞ்சம் எண்ணெய் எல்லாம் சேருங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. இந்த வடிகட்டற வேலையை யார் சொன்னது?" என்றார் நர்ஸம்மா.

"எங்கக்கா" என்றேன். ஆமாம், சபையில் உன்னைச் சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு ஆறு மாதமானபோது, "எழுதியிருக்கிறபடியே செய்" என்று ஒரு காகிதம் கொடுத்தாயே, அதை அன்றே ஃபிரிட்ஜ் கதவில் நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டினேன். 'வடிகட்டிய தண்ணீர் மட்டும். வெண்ணெய் கூடாது. இனிப்பு கூடவே கூடாது.' உன் கையெழுத்துதான். இரண்டு பிள்ளை வளர்த்தவள் எழுதுவதா இது? இனி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு விஷயத்தில் நீ வாய் திறக்கவே கூடாது.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

கோபத்திலும் குறையாத பாசத்துடன்,
உன் தம்பி.

பி.கு.: சாட்சிக்கு அந்தக் காகிதத்தையும் உறையில் வைக்கலாமென்று உரித்தேன். பின்பக்கமும் எழுதியிருக்கிறாய். 'இது பாப்பாவுக்கு. கெட்டியாக மசித்து, வெண்ணெய் போட்டு, மூன்று வேளை. மறுபக்கம் உனக்கு, தொப்பை குறைய. மாற்றிவிடாதே. நீ மாற்றுவாய்.' பாப்பா இப்போதுதான் ஒரு கிண்ணம் மசித்த உருளைக்கிழங்கை முடித்து ஏப்பம் விட்டாள். எனக்கு வடிகட்டிய தண்ணீர். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், என் மனைவி விடவில்லை. "அப்படியே அனுப்புங்க, அண்ணி படிக்கட்டும்" என்கிறாள்.