கிளிப் பாட்டும் அத்தையின் முகமும்

குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பது சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியாது, குழந்தைக்குத்தான் தெரியும். இதை நான் தெரிந்துகொண்டது ஸ்ரீரங்கத்தில், என் நாத்தனார் வீட்டுக் கொலுவுக்கு முன்னால், இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது.

என் மகள் கோதைக்கு அப்போது நான்கு வயது. விஜயதசமியன்று அவளைத் தன் மகள் ரங்காவின் பாட்டு வாத்தியாரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று நாத்தனார் அலமேலு அக்கா தீர்மானித்திருந்தார். அந்த வாத்தியார் தாளம் போடுவது பிரம்பால். பெரும்பாலும் பிள்ளைகளின் முழங்காலில். அவரிடம் இரண்டு வருஷம் கற்ற ரங்கா, இப்போது குளிக்கும்போதுகூட வாய் திறந்து பாடுவதில்லை.

"அக்கா, குழந்தைகளுக்குப் பாட்டு விளையாட்டா வரணுமாம். பத்திரிகையிலே போட்டிருக்கா" என்றேன். (எட்டாவது வரை படித்த திமிர்.)

"பத்திரிகை வந்து தாளம் போடுமோ? சரி, நீயே சொல்லிக்குடு. கொலுவிலே ஒரு பாட்டு தப்பில்லாம பாடட்டும். தப்பினா வாத்தியார்தான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அன்றோடு என் தூக்கம் போயிற்று. கிளியைப் பற்றி நானே நான்கு வரி கட்டினேன். திருச்சியில் எங்கள் வீட்டில் எனக்கென்று நேரம் கிடைப்பது அடுப்படியில் மட்டும்தான். ஊதுகுழலால் ஒருமுறை அடுப்பை ஊதி, மறுமுறை ஊதுவதற்குள் நான் ஒரு வரி பாடுவேன். அவள் திருப்பிப் பாடுவாள். முதல் நாள் விளையாட்டாகத்தான் இருந்தது. பத்தாம் நாள், "அம்மா, கோவமா?" என்று கேட்டாள். "கோவமெல்லாம் இல்லேடி, பாடு!" என்று கத்தினேன். பிரம்பு ஒன்றுதான் என் கையில் இல்லை.

அந்த நாளும் வந்தது. தொண்டை கட்டிவிடுமே என்று காவேரிப் பாலம் தாண்டும்வரை ஜட்காவில் அவளைப் பேசவே விடவில்லை. தாண்டியதும், பாட்டை மறந்திருப்பாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

பட்டுப் பாவாடையோடு அவள் கொலுவின் முன் உட்கார்ந்தாள். அக்கா நேர் எதிரே.

"கோபுரத்துக் கிளியே..." சுருதி சுத்தமாக இருந்தது. மூச்சு விட்டேன்.

"காலை ஆட்டாதே..." அதே மெட்டு, அதே குழைவு.

(கிளியின் காலைத்தான் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ள வேண்டுமே என்று பெருமாளை வேண்டினேன்.)

"கொஞ்சம் கீழே வா... ஐயோ, பால் பொங்கறது..."

அடுப்படியில் நான் கத்தியதெல்லாம் அவளுக்குப் பாட்டின் அடுத்த வரி! அதற்கடுத்தது என்ன என்பது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். நான் தாளம் போடுவதாக நினைத்து அவள் இன்னும் உற்சாகமாகிவிட்டாள். அக்காவையே பார்த்தபடி, நன்றாக இழுத்து,

"அத்தை மூஞ்சியைப் பார்க்காதே... பார்த்தா பாட்டு மறந்துடும்..." என்று பாடி முடித்தாள்.

குழந்தையை நானே பிரம்புக்கு ஒப்படைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கொலுப்படிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. ரங்கா! அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வந்து கோதையின் பக்கத்தில் உட்கார்ந்து, "மறுபடி எடுடி" என்றாள். இருவருமாக முதலிலிருந்து பாடினார்கள், ஒரு வரி விடாமல். அத்தை வரியில் ரங்காவின் குரல்தான் ஓங்கியிருந்தது.

அக்கா மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வாத்தியாரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இவளையும் நீயே உக்கார வச்சுக்கோ" என்றவர், என் காதருகே குனிந்து, "ஆனா அடுப்படியிலே வேண்டாம்டி" என்றார்.

வருஷங்கள் கழித்து ரங்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளைப் பாடச் சொன்னார்கள். அவள் வாய் திறக்குமுன், அக்கா ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையை மறைத்து நேர் எதிரே உட்கார்ந்தார்.

"இந்த மூஞ்சியையே பார்த்துண்டு பாடு. மறந்துபோறதான்னு பார்த்துடலாம்."