திங்கட்கிழமை இண்டர்வியூக்காரர்

கோயமுத்தூரில் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன்னிடம் சம்பளம் வாங்குகிற ஆட்களையே வாராவாரம் புதிதாக இண்டர்வியூ செய்த முதலாளி ஒருவர்தான். தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் அலுவலகம் நடத்தினார். தெருவே அவரை ‘இண்டர்வியூக்காரர்’ என்றுதான் சொல்லும்.

நாங்கள் நான்கு பேர் வேலை பார்த்தோம். கோப்புகள் என் பொறுப்பு. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒவ்வொருவராக அவர் அறைக் கதவைத் தட்டி, கையில் பயோடேட்டாவுடன் உள்ளே போக வேண்டும்.

“அடுத்தவங்கள இண்டர்வியூக்கு அனுப்பறவங்களுக்கு அந்தப் பயம் தெரிஞ்சிருக்கோணுமுங்க” என்பார்.

டைப்பிஸ்ட் சரோஜா அங்கே மூன்று வருடமாக இருந்தவர்.

“உக்காருங்க அம்மணி. எந்த ஊருங்க?”

“காரமடைங்க. போன வாரமும் காரமடைதானுங்க.”

“எங்க ஆபீஸ்ல எதுக்குச் சேரணும்னு நெனைக்கறீங்க?”

“சேந்து மூணு வருசமாச்சுங்க சார்! மெஷின்ல லெட்டர் பாதில நிக்குதுங்க.”

‘பொறுமை பத்தாது’ என்று எழுதி நிராகரித்துவிட்டார். சரோஜா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பாதியில் நின்ற கடிதம் நினைவுக்கு வந்ததும் முதலாளி பஸ் ஸ்டாப் வரை ஓடினார்.

“ஏனுங்க அம்மணி, நம்ம ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேகன்சி ஒண்ணு இருக்குதுங்க!”

இந்தப் பழக்கத்தால் வந்த வினை, எந்தக் கேள்விக்கும் அசராதவர்களாக நாங்கள் தேறிவிட்டோம். ஆள் கேட்டு வந்த கம்பெனிக்காரர்கள் எங்களையே கொத்திக்கொண்டு போனார்கள். சரோஜா பம்புசெட் கம்பெனிக்கு, இன்னொருவர் வெள்ளகோவில் எண்ணெய் மில்லுக்கு, மூன்றாமவர் திருப்பூருக்கு.

“நம்ம ஆளுங்க போன ஒடனே செலக்ட் ஆயிர்றாங்க பாத்தீங்களா!” என்று பூரித்தார். கேட்பதற்கு நான் ஒருவன்தான் மிச்சம். கடிதங்களை அவரே இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கோ கல்யாணம் தொங்கலில் இருந்தது. மாப்பிள்ளைக்கு மில் வேலை வேண்டும் என்று பெண் வீட்டார் ஒரு மாதம் கெடு வைத்திருந்தார்கள். முதலாளிக்குத் தெரியாமல் உடுமலைப்பேட்டை மில் ஒன்றுக்குப் போய் வந்தேன். இண்டர்வியூ நன்றாகவே நடந்தது. “உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்” என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை போன் வந்தது. மில்லின் பெயரைக் கேட்டதும் முதலாளி என்னைப் பார்த்தார். நானும் போனால் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவர்தான். நான் கோப்பு நாடாவை முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

“ஆமாங்க, நம்மகிட்டத்தானுங்க இருக்கறார். நேரத்துக்கு வருவாரான்னுங்களா? அவரு வந்தா நான் கடிகாரத்தத் திருத்திக்குவனுங்க. கொறையா? ஒண்ணு இருக்குதுங்க.”

நாடாவில் இரண்டாவது முடிச்சும் போட்டேன்.

“கூச்சம் ஜாஸ்திங்க. வேணுங்கறத வாய்விட்டுக் கேக்க மாட்டார். நீங்களாப் பாத்துத்தானுங்க செய்யோணும்.”

போனை வைத்துவிட்டு, “ஏங் கண்ணு, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? நானே கூட்டிட்டுப் போயிருப்பனே” என்றார்.

கடைசி நாள் நான் கிளம்பும்போது, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசை முழுவதும் தப்பு. அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்: ‘மாலை ஐந்தரைக்கு விடைபெற்றேன். ஆறே முக்கால் வரை இருந்து அடுக்கிக் கொடுத்தேன். போக மனம் வரவில்லை.’