சீராக வந்த கார்

குவைத்துக்குத் தனியாகத்தான் போவது என்று கன்னியப்பன் தீர்மானித்துவிட்டான். எழுபத்தாறாம் வருஷம் அது. ஆவடியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு அங்கே கம்பெனி டிரைவர் வேலை. குடும்பத்தோடு தங்க ஜாகையும் தருகிறார்கள். அந்தக் குடும்ப ஜாகைச் சங்கதியை மட்டும் பெண்டாட்டி வேம்புலியம்மாளிடம் சொல்லாமல் முழுங்கிவிட்டான், பாவி! எங்கே போனாய், ஏன் லேட்டு, என்ன பீடி நாற்றம் என்ற விசாரணையெல்லாம் இல்லாமல் ரெண்டு வருஷம் வாழ்ந்து பார்க்க வேண்டும். ஒரு மனுஷனுக்கு இந்த ஆசைகூடவா இருக்கக் கூடாது?

அவள் கேட்டே விட்டாள்.

"நானும் வரேன்யா. நீ போய்ட்டா நான் யாரு மூஞ்சியப் பாத்துகினு சோறு துன்றது?"

கன்னியப்பனுக்கு மனசு லேசாக இளகியது. அடக்கிக்கொண்டான்.

"நான் இன்னாமே பண்றது? சட்டம் அப்படிக் கீது."

"இன்னா சட்டம்?"

"நம்மூரு லைசென்ஸு அங்க செல்லாது. புதுசாப் போறவன் மொதல்லேர்ந்து டெஸ்டு குடுக்கணும். ஸ்டியரிங்கு இடது பக்கம், ரோட்ல வலது பக்கமாப் போவணும். அப்பால காரு வாங்கி, பேர்ல பதிஞ்சி, இன்சூரன்ஸ் கட்டணும்."

இதுவரைக்கும் நிஜம். இங்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான். வாய் நின்றால்தானே!

"சொந்தக் காரு இல்லாதவன் பொண்டாட்டியக் கூட்டிகினு போவக் கூடாது. புட்ச்சி உள்ள போட்ருவான்."

"ஏன், நான் நடந்து வரேனே?"

"ஐயய்யோ! அங்க மணலு கொதிக்கும். பொம்பளைங்க காலு பொசுங்கிடும்னு கவர்மெண்டே சட்டம் போட்டுக்கீறான்."

வேம்புலியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் கொரட்டூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அழுதுவிட்டு வரட்டும் என்று கன்னியப்பனும் விட்டுவிட்டான். அவள் தம்பி பால்ராஜ் ஆறு வருஷமாகக் குவைத்தில்தான் இருக்கிறான். ஆனால் தீபாவளிக்குத்தான் லீவில் வருவதாகப் பேச்சு. அதற்குள் விமானம் ஏறிவிடலாம் என்பது இவன் போட்ட கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வேம்புலியம்மாள் திரும்பி வந்தாள். பின்னாலேயே கறுப்புக் கண்ணாடியும் சென்ட் வாசனையுமாகப் பால்ராஜ்! லீவு முன்னாலேயே கிடைத்துவிட்டதாம். கன்னியப்பன் போட்ட கணக்கு தவிடுபொடி!

"மாமா, அக்கா எல்லாம் சொல்லிச்சி" என்றான் பால்ராஜ். "கரெக்டு மாமா. அங்க சட்டமெல்லாம் ரொம்பக் கறாரு."

கன்னியப்பனால் தன் காதையே நம்ப முடியவில்லை. ஆம்பளை கஷ்டம் ஆம்பளைக்குத்தான் தெரியும் என்று உருகிப்போனான்.

"நான் புது வண்டி வாங்கிட்டேன். பழசு அங்க சும்மாத்தான் நிக்கிது. அத்த நம்ம ஊட்டுக்கே குடுத்துடலாம்னு பாக்கறேன்."

கார்! இத்தனை வருஷம் அடுத்தவன் லாரியையே ஓட்டியவன். சைக்கிள்கூட வாடகைக்குத்தான் எடுப்பான். அவன் கண் கலங்கியே விட்டது.

"மச்சான், நீ நூறு வருசம் நல்லா இருக்கணும்!"

"ஆனா அக்கா கல்யாணத்துல சீரு பாதிதான் செஞ்சோம்னு அம்மாவுக்கு ஒரே வருத்தம். இத்த சீராக் குடுத்துடறேன். சரியா?"

"தாராளமாக் குடு! சீருன்னே குடு!"

இதற்குத்தான் காத்திருந்ததுபோல வேம்புலியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல இன்னா பேரு வெட்டிக்கீது?"

"உம் பேருதான்."

"அண்டாவுல?"

"அதுலயும் உம் பேருதான். பொறந்த ஊட்டு சீர்ல வேற யாரு பேர வெட்டுவாங்க?"

"அப்போ காரு?"

கன்னியப்பன் குடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தெளிந்தான். "உம் பேர்லயே இருக்கட்டுமே! நீ இங்க இரு. நான் அங்க போயி, டெஸ்ட்ல பாஸாயி, ஓட்டிக்கறேன்."

பால்ராஜ் கனைத்துக்கொண்டான்.

"அங்கதான் சிக்கலு மாமா. யாரு பேருக்கு மாத்தறமோ அவங்க குவைத்துக்கே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். புதுசா வந்தவன் ஓட்டறப்போ வண்டிக்கு சொந்தக்காரங்க உள்ளயே குந்திகினு இருக்கணும். சட்டம்."

"இன்னாடா ரீல் வுடற! இப்படி ஒரு சட்டம் எந்த பொஸ்தகத்துல கீது?"

"பொம்பளைங்க காலு பொசுங்கிடும்னு போட்டுக்கீதே" என்றாள் வேம்புலியம்மாள், "அதுக்கு அடுத்த பக்கத்துல."

பால்ராஜ் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"கம்பெனில குடும்பத்துக்கே ஜாகை தராங்களாமே. தம்பி சொல்லிட்டான். வுட்டுட்டுப் போவப் பாத்தியேயா!"

கன்னியப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு, யாருமில்லாத ஜாகையில் தானே சோறு வடித்துத் தானே தின்பதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தான். இவள் வருவது எவ்வளவோ தேவலை. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதற்காக வெளியே காட்ட முடியுமா? மீசையைத் தடவிக்கொண்டான்.

"சரி, ரெண்டு டிக்கெட்டாவே எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன். வண்டில எம் பக்கத்துல குந்திகினு, இப்படித் திருப்பு அப்படித் திருப்புன்னு உயிர வாங்கக் கூடாது."

"உம் பக்கத்துல நான் ஏன்யா குந்தறேன்? மொதலாளிங்க பின் சீட்லதான் குந்துவாங்க!"