நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு உள்ள வேலை மிகவும் சுலபமானது. உட்கார வேண்டும், கேசரியை மடியில் சிந்தாமல் சாப்பிட வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், எழுந்து வர வேண்டும். உலகத்தில் எத்தனையோ அசடுகள் இதை ஒழுங்காகச் செய்து குடும்பஸ்தர்களாகியிருக்கிறார்கள். நான் மட்டும் பெண் வீட்டு மினி லாரியை உடைத்துவிட்டு வந்தேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வினை அங்கிருந்துதான் ஆரம்பித்தது. சென்னைக்கு வெளியே ஒரு பட்டறையில் டிராக் ரேஸ் கார்களைத் தயார் செய்கிறோம். டிராக் ரேஸில் வளைவு நெளிவு கிடையாது. நேரான பாதையில் இரண்டு கார்கள் கிளம்பும், யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்பதே போட்டி. (இதுக்காடா இவ்ளோ ஆர்ப்பாட்டம்னு கேக்காதீங்க, எங்கம்மா ஏற்கெனவே கேட்டுட்டாங்க.) கிளம்புகிற நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. இன்ஜின் உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும், சக்கரமோ அசையாமல் நிற்கும். அப்போது கிளட்ச் ஒரேயடியாகக் கவ்வினால் அதிர்ச்சி மொத்தமும் கியர்பாக்ஸில் இறங்கும். பல் உடையும், ஷாஃப்ட் முறியும். அதனால் கிளட்ச்சைக் கொஞ்சம் நழுவவிட்டு, பிறகு முழுதாகக் கவ்வவிட வேண்டும். ரொம்ப நழுவினால் கருகிப்போகும், நழுவாவிட்டால் உடைந்துபோகும். அந்த நழுவலுக்கு ஒரு வால்வைத் திருகி அளவு வைப்பவன் நான். திருகுவதோடு சரி. காரில் உட்கார்ந்து ஓட்டுபவர் வேறொருவர். இந்தச் சின்ன விஷயத்தைப் பெண் வீட்டில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இந்த உத்தியோகத்தை விளக்குவதற்குள்ளேயே எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் கை நழுவிப் போயிருந்தன. நம் ஊரில் 'கிளட்ச் ஸ்லிப் ஆகுது' என்றால் அது வண்டிக்கு வந்த வியாதி. வியாதியை உண்டாக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அம்மாவுக்குக் கவலை ஜாஸ்தியாகிவிட்டது. "இந்த வாட்டி யாராச்சும் கேட்டா, இன்ஜினீருன்னு சொல்லிட்டு வாய மூடிக்கோ" என்று எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் பஸ் ஏறும்போதே உத்தரவு போட்டாள். வேட்டி கட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதும் அவள்தான். எனக்கும் வேட்டிக்கும் பழக்கம் கம்மி. ஏதோ சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பெண் வீடு கீழ்பென்னாத்தூரில். பெண்ணின் பெயர் கலைவாணி. திருவண்ணாமலை செங்கம் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, சாவியைத் தொலைத்த வெள்ளைக்காரர்களையும், சுடுதண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வரும் உள்ளூர்க்காரர்களையும் ஒரே முகத்தோடு சமாளிப்பவள். அவளுடைய அப்பா ஏழுமலை மாமாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விவசாயம், கூடவே ஒரு பழைய மினி லாரி. போட்டோவிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இந்த இடமும் தட்டிப்போகக் கூடாதே என்று வழியெல்லாம் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு போனேன்.

காபி வந்தது. கேள்வியும் வந்தது.

"தம்பி இன்னா வேலை பண்றீங்க?"

இன்ஜினீயர் என்று சொல்லியிருக்கலாம். "கிளட்ச்சை ஸ்லிப் ஆக்குறதுங்க" என்றேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம வண்டியில அது தானாவே ஆச்சே தம்பி. அத நிறுத்தத்தான் ஒரு வாரமா ஷெட்டுல போட்டு, புது பிளேட்டு மாத்தி, நேத்து எடுத்தாந்தேன்."

அம்மா என் காலை மிதித்தாள். நானோ விடுவதாக இல்லை. "மாமா, தீபத்துக்குத் தேர் இழுக்குறோம் இல்லீங்களா? நிக்கிற தேர எல்லாரும் ஒரேடியா வெடுக்குனு இழுத்தா இன்னா ஆவும்?"

"வடம் அந்துடும்."

"அதான். மொதல்ல லேசா புடிச்சு, தேர் அசைய அசைய முழு பலம் குடுக்கணும். அந்த லேசா புடிக்கிறதுதாங்க ஸ்லிப்."

கதவோரம் நின்றிருந்த கலைவாணி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அப்போ பலம் இருக்குறவங்க மொதல்ல கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். அவ்ளோதானே?"

என் வேலையை ஒரே மூச்சில் புரிந்துகொண்ட முதல் ஜீவன் அவள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். (அவங்க முடிவு பண்ண வேணாமான்னு கேக்குறீங்க. நியாயம்தான்.)

மாமாவுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சிதான் என்னைக் கவிழ்த்தது. வாசலில் லாரி மல்லாட்டை மூட்டைகளோடு மார்க்கெட் கமிட்டி ஏலத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றது. ரிப்பேருக்குப் பின் முதல் லோடு என்பதால் கலைவாணியின் அத்தை பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கீங்க, கிளட்ச்சப் பத்தியும் இவ்ளோ தெரிஞ்சிருக்கு. உங்க கையாலயே வண்டிய பழத்து மேல ஏத்திக் குடுங்க தம்பி" என்று மாமா சாவியை நீட்டினார்.

பால் வண்டிக்காரர் எடுப்பதுபோல மெதுவாக எடுத்து, ரெண்டடி நகர்த்தி, இறங்கியிருக்கலாம். ஆனால் வாசற்படியில் கலைவாணி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் வெறுமனே வண்டியை நகர்த்துவதா? நழுவல் என்றால் என்ன என்று காட்டிவிட வேண்டாமா? திட்டம் பிரமாதமாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்த நிலையிலேயே இன்ஜினை நன்றாக ஏற்றுவது, கிளட்ச் லேசாகக் கவ்வும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவது, லாரி வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு பழங்களின் மேல் ஏறுவது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். பட்டறையில் எனக்கு வால்வு உண்டு. என் இடது காலில் அப்படி எந்தத் திருகும் இல்லை.

கிளட்ச்சை அடிவரை மிதித்து முதல் கியரைப் போட்டேன். என் வேட்டியின் கரையும் காலோடு சேர்ந்து போனது எனக்குத் தெரியாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். லாரி அலறியது, தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் இடுப்பில் காற்றோட்டமாக ஏதோ உணர்ந்தேன். வேட்டி அவிழ்ந்துகொண்டிருந்தது!

மானமா, மிஷினா என்று யோசிக்க அவகாசமில்லை. இரண்டு கைகளும் தாமாகவே இடுப்புக்குப் பாய்ந்தன. வேட்டியை மீட்க இடது கால் கிளட்ச்சிலிருந்து துள்ளி வந்தது. ஹேண்ட் பிரேக் பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

டமார்!

லாரிக்கு அடியில் ஏதோ முறிந்து தரையில் விழுந்து உருண்டது. இன்ஜின் மட்டும் ஜாலியாகக் கத்திக்கொண்டிருந்தது. அதற்கும் சக்கரத்துக்கும் இருந்த சம்பந்தம் முறிந்துவிட்டது. என் சம்பந்தமும் அதோடு முறிந்தது என்றுதான் நினைத்தேன்.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க தம்பி" என்றார் மாமா, ரொம்ப மரியாதையாக. குனிந்து அடியில் பார்த்தார். ஷாஃப்ட் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஸ்லிப் ஆக்குறதுதான் வேலைன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க."

"ஆக்கியிருக்கலாமே."

அத்தை சக்கரங்களைச் சுற்றி வந்து, "ஒரு பழம்கூட நசுங்கலையே!" என்று நெஞ்சில் கை வைத்தார். நசுங்காத பழம் நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியொரு சம்பவம் அந்த ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை. "நசுங்காம இருந்தா முழுசா நிக்கும்னு அர்த்தம்" என்று அம்மா சமாளித்துப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை.

மல்லாட்டை அன்றைக்கே கமிட்டிக்குப் போயாக வேண்டும். பக்கத்து வீட்டு டிராக்டர் வந்தது. மூட்டைகளை மாற்றி ஏற்ற ஆள் தேடினார்கள். அவமானத்தில் எதையாவது செய்தால் தேவலை என்று இருந்தது. ஒரு மூட்டையைப் பிடித்துத் தூக்கப் போனேன். வேட்டி மறுபடியும் கிளம்பியது.

"கொஞ்சம் நில்லுங்க."

கலைவாணி உள்ளேயிருந்து வந்தாள். கையில் அவள் அப்பாவின் அகலமான பச்சை பெல்ட். "மொதல்ல இதக் கட்டுங்க. மூட்ட தூக்க ரெண்டு கையும் வேணும்" என்றாள். விடுதிக்கு வரும் விருந்தாளியிடம் சாவி கொடுக்கிற அதே முகம். சிரிக்கவே இல்லை. நான் கட்டிக்கொண்டு கடைசி மூட்டை வரை தூக்கினேன். பெல்ட்டைத் திருப்பித் தரவும் மறந்து, அதோடேயே பஸ் ஏறினேன்.

திருவண்ணாமலையில் இறங்கியதும் அம்மா, "வேற எடம் பாக்கலாம்டா" என்றாள். எனக்கு வேறு இடம் வேண்டாம். ஆனால் அதைச் சொல்லும் தகுதியை வாசலில் முறித்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

மறுநாள் பட்டறையில் இருக்கும்போது போன் வந்தது.

"கலைவாணி பேசுறேங்க. அப்பாவோட பெல்ட்டு உங்ககிட்ட இருக்கு."

"ஞாயித்துக்கிழமை கொண்டாந்து தரேங்க. லாரியையும் நானே சரி பண்ணித் தரேன்."

"பேண்ட் போட்டுனு வாங்க." பிறகு சொன்னாள், "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் காபி குடிச்சிட்டு, அப்புறம் சொல்றோம்னு போனாங்க. மூட்ட தூக்கிட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

அன்று நான் திருகிய வால்வுகள் எல்லாம் தப்பு. எங்கள் டிரைவர் திட்டித் தீர்த்தார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்தில் நான் பட்டு வேட்டியோடு மணவறைக்கு வரும்போது, "ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டீங்களா மாப்ள?" என்று மாமா கேட்டதில் ஐயருக்கே மந்திரம் தடுமாறியது. இன்றுவரை அவர் தன் வண்டிச் சாவியை என்னிடம் கொடுப்பதில்லை. அவசரம் என்றால், "வேட்டியா, பேண்ட்டா?" என்று போனிலேயே கேட்டுக்கொண்டு, அப்புறமும் கொடுப்பதில்லை.

போன மாதம் நாங்கள் சொந்தமாக ஒரு கார் வாங்கினோம். என் பணம், என் கார். நான் ஜீன்ஸ் போட்டிருந்தேன். அத்தை நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். மாமா என் கையிலிருந்த சாவியை நிதானமாக எடுத்து மகளிடம் கொடுத்தார். கலைவாணி ஏறி உட்கார்ந்தாள். கிளட்ச் அத்தனை பதமாகக் கவ்வி நான் எந்தப் பந்தயத்திலும் பார்த்ததில்லை. நாலு பழமும் சத்தமில்லாமல் நசுங்கின.

தொழில்காரன் என்ற முறையில் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஜன்னலில் தலையை நீட்டி, "எப்டிம்மா?" என்று கேட்டேன்.

"பொடவைக்கு நாலு பின் குத்தியிருக்கேன்" என்றாள்.