மூக்கு லாரிக்குப் போட்ட கல்

வாய் நீண்டவர்கள் எல்லாரிடமும் எல்லாவற்றையும் உளறிவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். தப்பு. என் வாய் பாகூரில் தொடங்கினால் வில்லியனூரில்தான் நிற்கும். அப்படிப்பட்ட நானே ஒரே ஒரு ஆளை விட்டுவிட்டேன்.

குருவிநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலில், அப்பா காலத்தில் கரும்பு ஏற்றிய மூக்கு லாரி நின்றிருந்தது. முன்பக்கம் மூக்குபோல நீண்ட, என்னைவிட வயதான வண்டி. அதில் பிரேக் என்பது வெறும் நம்பிக்கை. நிறுத்தியதும் யாராவது ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் கல் போட வேண்டும். அந்த 'யாராவது', கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி செல்விதான். ஆரம்பத்தில் "கல்லப் போடுடி" என்று கத்துவேன். போகப் போகக் கத்தவே தேவைப்படவில்லை. ஹாரன் கேட்டால் போதும், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவாள்.

அந்த வண்டியைப் புதுப்பித்து விற்கலாம் என்று எனக்குப் புத்தி போயிற்று. செல்வியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்தேன். புது இன்ஜின், பவர் ஸ்டீயரிங், புது பிரேக். மேலே மட்டும் அதே பழைய பச்சை பெயின்ட். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு. வண்டி விற்றால் சங்கிலி திரும்பி வரும், இல்லையென்றால் மாதக் கடைசியில் ஏலம். (எனக்கு அப்போது பயமே இல்லை. மடையனுக்கு ஏது பயம்?) டீக்கடை, சலூன், ரேஷன் கடை வரிசை என்று போன இடமெல்லாம் புது பிரேக்கின் பெருமையை அளந்தேன்.

கடற்கரைப் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கும் ஒருவர், கல்யாண ஜோடிகளை நிறுத்தி போட்டோ எடுக்கப் பழைய வண்டி வேண்டும் என்று லாரியைப் பார்க்க வந்தார். ஏரிக்கரை வரை ஓட்டிக் காட்டினேன். கால் பட்டதும் நின்றது. மனிதர் முகத்தில் விலை படிந்துவிட்ட களை. வாசலுக்குத் திரும்பி, ஹாரன் அடித்து நிறுத்தி, இறங்கி, அவரை ஓட்டச் சொன்னேன்.

கியர் போட்டார். வண்டி அசையவில்லை.

"இன்னாபா, இழுக்க மாட்டேங்குது?"

"நல்லா மிதிங்க சார். புது இன்ஜின், தாங்கும்."

மிதித்தார். லாரி எதன் மீதோ ஏறி, எகிறி, ரோட்டைத் தாண்டி, எதிர் வாய்க்காலில் மூக்குக் குப்புற விழுந்தது. அவர் பிரேக்கைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கை முறிந்து, சட்டையெல்லாம் ரத்தம். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் வாசலில் பெயர்ந்து கிடந்த கல்லைப் பார்த்தேன். பக்கத்தில் செல்வி, கையில் அவருக்குக் கொண்டுவந்த காபியோடு.

"ஹாரன் அடிச்சீங்களே," என்றாள். "பிரேக்கு மாத்திட்டேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே."

அவள் சங்கிலியில் வாங்கிய பிரேக்.

லாரி எடைக்குப் போனது. அந்தக் காசு அவர் கை வைத்தியத்துக்குப் போனது. சங்கிலி ஏலத்தில் போனது. செல்வி என் எதிரில் அழவில்லை.

கல் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. நான் புதிதாக ஏதாவது திட்டம் போட்டால் போதும், "யம்மா, அந்தக் கல்ல எடுத்துட்டு வா" என்பாள் மகள். வீடே சிரிக்கும்.

போன மாதம் நெஞ்சு வலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பிழைக்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த மறுநாள், "புது பார்ட்ஸ் போட்டாச்சு, இனி வண்டி ஓடும்" என்று கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். செருப்புக்கு முன்னால் அந்தக் கல்.

"இந்தவாட்டி டாக்டரே எங்கிட்ட சொல்லிட்டாரு, புதுசு வச்சிருக்குன்னு," என்றாள் செல்வி, மஞ்சள் கயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டே. "இருந்தாலும் கல்லு கெடக்கட்டும்."