கிரீஸ் நாட்டுக்கு ஒரு அர்ச்சனை

ஐரோப்பாக் கண்டம் கடலுக்குள் முழுகாமல் இன்றைக்கும் மிதக்கிறதென்றால், அதற்குத் திண்டுக்கல் தோல் ஷாப் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த யூரோ அண்ணன்தான் காரணம். நான் அங்கே பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

நாங்கள் பதனிட்ட தோலில் முக்கால்வாசி, இத்தாலியில் கைப்பை செய்யும் ஒருவருக்குப் போகும். பணம் யூரோவில் வரும். அதனால் அண்ணன் காலையில் வந்ததும் வங்கிக்குப் போன் போட்டு யூரோவின் விலையைக் கேட்பார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமனாரை விசாரிக்கிற குரல். "எப்டி இருக்கு? ராத்திரி எறங்குச்சா?" விலை இறங்கிய அன்று மதியம் சோற்றுக்கு வெஞ்சனம் தொடமாட்டார். அந்த உருளைக்கிழங்கு எங்களுக்கு வந்துவிடும் என்பதால், யூரோ சரிந்தால் பேக்கிங் செக்‌ஷனில் சின்னதாக ஒரு சந்தோஷம்.

அப்புறம் கிரீஸ் நாடு கடனில் விழுந்தது.

"அம்புட்டுத் தூரத்துல எவனோ கடன்பட்டா நமக்கென்னண்ணே?" என்றேன்.

"ஏலே, அங்க எல்லா நாட்டுக்கும் ஒரே யூரோ. அத்தனை வீட்டு அரிசியும் ஒரே ஒலையில வேகுதுடா. ஒருத்தன் அரிசி வேகலன்னா எவனும் வடிக்க முடியாது!"

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்கு என்னையும் இழுத்துப் போனார். அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"கிரீஸ்."

"நட்சத்திரம்?"

"தெரியல சாமி. ஏழரைச் சனி நடக்குது. அத வச்சுப் பாத்துப் போட்டுக்கங்க."

பயம் ஒட்டுவாரொட்டி. இத்தாலி வங்கிகளும் கையை இறுக்கிக்கொள்ள, எங்கள் கைப்பைக்காரருக்குக் கடன் கிடைக்கவில்லை. ஆர்டர் நின்றது. முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் அண்ணனிடம் சொன்னார்: "இன்னிக்கு ஆர்டர் வரலன்னா திங்கக்கெழமையிலருந்து பேக்கிங் செக்‌ஷன மூட வேண்டியதுதான். போனப் போட்டுக் கறாரா கேளுய்யா."

எங்கள் பிழைப்பு அந்தப் போனில் தொங்கியது. அண்ணன் பேசினார்.

"ஹலோ, டேக்கிங் ஃபுட்? மதர் குட்? ஸ்லீப் கமிங்?"

அந்தப் பக்கம் கைப்பைக்காரர் பேசிக்கொண்டே போனார். இவர் "யெஸ்... யெஸ்... காட் இஸ் தேர்" என்று போனை வைத்துவிட்டார். ஆர்டர் என்ற சொல்லே வரவில்லை.

முதலாளி கொதித்தார். "ஏன்யா கேக்கல?"

"எழவு வீட்ல போயி மொய் எப்ப வைப்பீகன்னு கேப்பாகளா மொதலாளி? அந்த மனுசன் தூங்கியே நாளாச்சாம்."

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் திங்கட்கிழமை மூட அவருக்கும் மனசு வரவில்லை. அரைநாள் வேலை, அரைச் சம்பளம் என்று ஓட்டினோம்.

சில மாதங்களில் ஐரோப்பாவின் மத்திய வங்கி, மற்ற வங்கிகளுக்குக் குறைந்த வட்டியில் பணத்தை அள்ளிக் கொடுத்தது. இத்தாலி வங்கிகளின் கை தளர்ந்தது. மலிவாகத் தர ஆயிரம் பேர் வரிசையில் நிற்க, கைப்பைக்காரர் முதல் ஆர்டரை எங்களுக்கே போட்டார்.

"பாத்தியாடா, அர்ச்சனை!"

"மத்திய வங்கிண்ணே."

"அவுகளுக்குப் புத்தி குடுத்தது யாரு?"

அடுத்த வருஷம் இத்தாலிக்காரர் நேரிலேயே வந்தார். அண்ணன் அவரைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போனார், நாங்களும் போனோம். இருவருக்கும் பொதுவாக நாலைந்து வார்த்தைதான், அதையும் போனிலேயே செலவழித்துவிட்டிருந்தார்கள். குனிந்து சாப்பிட்டார்கள். திடீரென்று அண்ணன் தன் இலையில் இருந்த நல்லி எலும்பை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

இத்தனை வருஷம் கூடவே சாப்பிட்ட எங்களுக்கு வைத்ததில்லை. ஒரு வெள்ளைக்காரர் மேல் நான் பொறாமைப்பட்டது அந்த ஒரு மதியம்தான்.